எத்திராஜின் அளவு

டாக்டர் தேவகிருபையின் மேஜைமேல் எப்போதும் ஒரு கறுப்பு அட்டை கிடக்கும். எக்ஸ்ரே படம் வைத்துத் தரும் உறையைப் பிரித்து வெட்டியது. நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல்.

ஸ்கேனை அளக்க உட்காரும்போது அந்த அட்டையைக் கம்ப்யூட்டர் திரைமேல் ஒட்டிவிடுவார். நோயாளியின் பெயர் மறைந்துவிடும். விலா எலும்புகளும் மறைந்துவிடும். ஜன்னலுக்குள் தெரிகிற துண்டை மட்டும் அளப்பார். அளந்து முடித்த பிறகுதான் அட்டையை எடுத்து, யாருடைய மார்பு என்று பார்ப்பார்.

"சன்னதியில திரை போட்டாச்சு. மேடம் வெளியே வர நேரமாகும்" என்று இளைய டாக்டர்கள் சிரிப்பார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேலாக அவருக்கு இரண்டு நோய்கள்தான் வேலை. ஒன்று நுரையீரல் புற்றுநோய். மற்றது நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் வரும் மீசோதீலியோமா. முதல் நோய்க்குப் புது மருந்துகள் வந்தன. பிழைக்க மாட்டார்கள் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிலர், வருஷங்கள் கழித்து மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றார்கள். இரண்டாவதற்கு வந்தவை சில மாதங்களைத் தந்தன. அவ்வளவுதான். தேவகிருபை அதற்காக நடத்திய மருந்துச் சோதனைகளில் பெரும்பாலானவை 'பயனில்லை' என்றே முடிந்தன.

'பூஜ்ஜியம் மேடம்' என்று அவருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு. அது அவருக்கும் தெரியும்.

"பூஜ்ஜியம்னு தெரிஞ்சுக்கவே நாலு வருஷம் ஆகுதுப்பா" என்பார்.

வைரவன் அவரிடம் வந்து சேர்ந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தான். மதுரையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிளினிக்கை மூடிவிட்டு வந்தவன்.

"இங்கே உனக்கு என்ன வேணும்?" என்று முதல் நாள் கேட்டார்.

"இந்த நோய்க்கு மருந்து வேணும் மேடம்."

"அளக்கத் தெரியுமா?"

"கத்துக்கறேன்."

"அதை முதல்ல கத்துக்கோ."

அது பார்க்க எளிதாகத் தெரியும் வேலை. இந்த நோய் கட்டியாக உருண்டு வளராது. சாத்துக்குடித் தோல்போல நுரையீரலைச் சுற்றிப் படரும். தோல் தடிக்கத் தடிக்க உள்ளே இருப்பது நசுங்கும். உருண்டையை அளந்துவிடலாம். தோலை எங்கே அளப்பது? கோடு கொஞ்சம் நகர்ந்தால் தடிமன் மாறிவிடும். அதனால் மார்பைச் சுற்றி ஆறு இடங்களில் அளந்து கூட்டுவார்கள். கூட்டுத்தொகை அதுவரை இருந்த குறைந்த அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் ஏறிவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள். நிறுத்திவிட வேண்டும். சோதனையின் விதி அது.

வைரவன் சீக்கிரமே தேறிவிட்டான். அவன் அளவும் தேவகிருபையின் அளவும் மயிரிழைதான் மாறும். அட்டை மட்டும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

"எனக்குப் பேரைப் பார்த்தா ஒண்ணும் ஆகறதில்ல மேடம்."

"நல்லது" என்றார். வற்புறுத்தவில்லை.

எத்திராஜ் அந்த வருஷம் புது மருந்துச் சோதனையில் சேர்ந்தார். காசிமேட்டுக்காரர். வயசுக் காலத்தில் துறைமுகத்தில் கப்பல் பாய்லர்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றியவர்.

"வேல முட்சி வூட்டுக்குப் போனா தலயெல்லாம் வெள்ளையா கீயும். இன்னாடா, மாவு மில்லு வெச்சிக்கிறியான்னு கேப்பானுங்கோ. நானும் சிரிப்பேன். அந்த மாவுதான் இத்தினி வருசம் உள்ள குந்திக்கினு இருந்திருக்குது" என்றார் வைரவனிடம்.

வைரவன் ஒருநாள் அவருடைய ஸ்கேனைத் திரையில் காட்டி, எப்படி அளக்கிறார்கள் என்று விளக்கினான். எத்திராஜ் வெகுநேரம் பார்த்தார். இடதுபக்கம் ஒரு விலா எலும்பு கோணலாக ஒட்டியிருந்தது. எப்போதோ கப்பல் ஏணியிலிருந்து விழுந்ததில் உடைந்து, கட்டுப்போடாமலே சேர்ந்துகொண்டது.

"அப்ப நீ டாக்டரு இல்ல. டெய்லரு" என்றார்.

அன்றிலிருந்து அவன் டெய்லர். வார்டு முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசிக்கு வருவார். உள்ளே நுழையும்போதே கேட்பார்.

"இன்னா டெய்லரே, சட்ட டைட்டா, லூசா?"

"அதே அளவுதாண்ணே."

"அப்ப ஆல்ட்ரேசன் வாணாம்ன்ற."

"வேணாம்."

"டேப்ப ஒயுங்கா புடிச்சியா?"

"பிடிச்சேன்."

வைரவன் வேலை முடிந்த பிறகும் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவர் மனைவி கன்னியம்மா டிபன் கேரியரில் சங்கரா மீன் குழம்பும் சோறும் கொண்டுவருவாள். எத்திராஜ் மூடியைத் திறக்கவிட மாட்டார். மருந்து அவர் நாக்கை எடுத்துக்கொண்டுவிட்டது.

"எது துன்னாலும் துருப்புடிச்ச ஆணிய சப்புனா மாறி கீது" என்பார். பிறகு வாந்தியெடுக்க வாளியைக் கேட்பார்.

ஆனாலும் ஊசியை விட மாட்டார். "உள்ள எறங்கறவரிக்கும்தான் நானு" என்று கையில் குத்தியிருக்கும் குழாயைக் காட்டுவார்.

ஆவணி மாதம் தேவகிருபைக்குக் கண்புரை அறுவை நடந்தது. இரண்டு கண்ணுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக. அவர் வராத நாட்களில் வைரவன் தனியாகவே அளந்தான்.

எத்திராஜின் ஸ்கேன் அப்போதுதான் வந்தது. ஆறு இடங்களையும் அளந்து கூட்டினான். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போயிருந்தது. மறுபடி பார்த்தான். படம் எடுக்கும்போது மூச்சை முழுதாக இழுத்திருக்க மாட்டார், அதனால்தான் சவ்வு தடித்துத் தெரிகிறது என்று பட்டது. இரண்டு இடங்களில் கோட்டை லேசாக நகர்த்தினான். மூன்றாவது இடத்தில் சவ்வின் ஓரம் மங்கலாக இருந்தது. அங்கே உள்பக்கமாக எடுத்துக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது.

கூட்டுத்தொகை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே வந்தது.

"இன்னா டெய்லரே?"

"அதே அளவுதாண்ணே."

இன்னும் இரண்டு ஊசிகள் இறங்கின.

தேவகிருபை திரும்பி வந்த அன்று அவனை அறைக்குக் கூப்பிட்டார். திரையில் கறுப்பு அட்டை ஒட்டியிருந்தது.

"கண்ணு இன்னும் கூசுது. இதைக் கொஞ்சம் அளந்து கொடு."

வைரவன் உட்கார்ந்தான். ஜன்னலுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அளந்தான். எண்ணைச் சொன்னான். அவர் படத்தை நகர்த்தினார். அடுத்த துண்டு. மறுபடி சொன்னான். ஆறு இடங்களும் முடிந்தன.

"கூட்டு."

கூட்டிச் சொன்னான்.

"இவருக்குக் குறைஞ்சபட்சமா இருந்த அளவு இது" என்று ஓர் எண்ணைச் சொன்னார். "மருந்து போடலாமா?"

"கூடாது மேடம். நிறுத்திடணும்."

அவர் அட்டையை எடுத்தார்.

இடதுபக்கம் கோணலாக ஒட்டிய விலா எலும்பு தெரிந்தது. படத்தின் மூலையில் ஆவணி மாதத் தேதி.

வைரவன் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் பொய் எழுதல மேடம்."

"தெரியும்."

"ஒவ்வொரு இடத்திலயும் காரணம் இருந்தது."

"இருந்திருக்கும். பொய் எழுதியிருந்தா எனக்கு இவ்வளவு கவலை இல்லை. பொய் எழுதறவனுக்கு எந்த இடத்துல எழுதினோம்னு தெரியும்."

அவன் கதவுப் பக்கம் பார்த்தான்.

"இன்னிக்கு ஊசிக்கு வந்திருக்கார்" என்றான்.

"ஆமா. நான் இன்னும் போடச் சொல்லல."

"அந்த ஊசியை நம்பித்தான் இருக்கார். அதையும் நிறுத்திட்டா அவருக்கு என்ன மிச்சம் மேடம்?"

தேவகிருபை அட்டையை மேஜைமேல் வைத்தார்.

"எனக்குத் தெரியாது. நீ பார்த்துட்டு வந்து சொல்லு."

எத்திராஜ் சட்டைக் கையை மடித்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். கழுத்து இன்னும் மெலிந்திருந்தது. கன்னியம்மா கேரியரைக் காலடியில் வைத்திருந்தாள்.

"இன்னா டெய்லரே, மூஞ்சு ஒரு மாறி கீது. வூட்ல சண்டையா?"

"இல்லண்ணே. இன்னிக்கு ஊசி கிடையாது."

"ஸ்டாக் இல்லியா?"

"சட்டை டைட்டாயிடுச்சு. மருந்து கேக்கல. இனிமே போடக் கூடாது."

எத்திராஜ் மடித்த கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"இப்ப அளந்ததா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது பாதி உண்மையும்கூட. அதோடு முடிந்திருக்கும்.

"இப்ப அளந்தது. ஆனா படம் ஆவணியில எடுத்தது. அப்பவே டைட்டுதான். நான் தப்பா அளந்துட்டேன்."

கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நடுவால போட்ட ரெண்டு ஊசி?"

"போட்டிருக்கக் கூடாது."

"அந்த ரெண்டு ஊசிலதான் நான் ஏந்திரிக்காம கெடந்தேன்."

"தெரியும்ணே."

"தெரிஞ்சு தப்பா அளந்தியா, தெரியாம அளந்தியா?"

"தெரியாமத்தான். உங்களுக்கு நல்லா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டே அளந்திருக்கேன்."

எத்திராஜ் சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. கன்னியம்மா முதுகைத் தடவினாள்.

"நீ அங்க குந்திக்கினு நல்லா இருக்கணும்னு நென்ச்ச. நான் இங்க வாளிக்குள்ள தலய வுட்டுக்கினு கெடந்தேன்."

"வுடுய்யா. அவுரும் வேணும்னா செஞ்சாரு?" என்றாள் கன்னியம்மா.

"நீ கேரியர எடு. போலாம்."

வாசல் வரை போய்த் திரும்பினார். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"மத்தவங்களுக்கெல்லாம் கரீட்டா அளந்தியா?"

"அளந்தேன்."

"என்னியக் கண்டா மட்டும் கண்ணு அவுட்டா ஒனக்கு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவர் வெளியே போனார்.

மறுநாள் அவன் தேவகிருபையிடம் போனான்.

"இனிமே நான் வார்டுக்குப் போகல மேடம். யாரோட பேரும் முகமும் எனக்கு வேண்டாம். படத்தைக் கொடுங்க. அளந்து கொடுத்துடறேன்."

"மறைக்கறதுக்கு அட்டை இருக்கு. அதுக்கு நீ எதுக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவருக்கு வலி மாத்திரை யார் கொடுக்கறாங்க?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு வர்ற நர்ஸ் கொடுப்பாங்க."

"நீ வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை காசிமேட்டுக்குப் போ."

"அவரைச் சோதனையிலேர்ந்து எடுத்தாச்சு மேடம். அங்கே நான் அளக்க ஒண்ணும் இல்லையே."

"அதனாலதான் போகச் சொல்றேன். இனிமே நீ அவருக்காக எவ்வளவு வேணும்னாலும் ஆசைப்படலாம்."

வெள்ளிக்கிழமை போனான். மீன் வலைகள் காயும் சந்துக்குள் கடைசி வீடு. கன்னியம்மா கதவைத் திறந்தாள். கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டெய்லரு வந்துக்கிறாரு."

"டேப்பு எட்டாந்துக்கிறானான்னு கேளு."

"இல்லண்ணே" என்றான் வைரவன்.

"அப்ப இன்னாத்துக்கு வந்தான்?"

அவன் வாசலிலேயே நின்றான். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. உள்ளே இருமல் கேட்டது.

"நிக்க வெச்சிக்கினு இன்னா பாக்கற. குந்தச் சொல்லு."

அன்று எத்திராஜ் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வைரவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்து வந்தான்.

அடுத்த வாரமும் போனான். அப்போதும் சுவர்தான். அதற்கடுத்த வாரம் தலையணையைச் சாய்த்துக் கொடுக்கச் சொன்னார். மூச்சு இப்போது மேல் மார்பில் மட்டும் ஓடியது. பேச்சு இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்றது. ஆனால் வாளி கட்டிலுக்கடியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை கன்னியம்மா சோற்றைக் குழைத்து, மீன் குழம்பு ஊற்றி, முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எத்திராஜ் இரண்டு வாய் வாங்கினார். மூன்றாவதைக் கையால் தடுத்தார்.

"உப்பு கம்மி."

கன்னியம்மாவின் கை அப்படியே நின்றது.

"இன்னா சொன்ன?"

"உப்பு கம்மின்னேன். காது கேக்கலியா?"

"இத்தினி மாசமா நல்லா கீதுன்னு சொன்னியா, நல்லா இல்லன்னு சொன்னியா? வாயே தொறக்கல. இன்னிக்கி உப்பு கம்மியாம். வந்துட்டாரு" என்று வைதுகொண்டே எழுந்து உள்ளே போனாள். உப்பு ஜாடி அடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் வர நேரமாயிற்று.

எத்திராஜ் தட்டை வைரவன் பக்கம் தள்ளினார்.

"டெய்லரே. நீ துன்னு பாரு."

"வேணாம்ணே."

"பாருன்றேன். உப்பு... சரியா கீதான்னு சொல்லு." மூச்சு வாங்கினார். "கரீட்டா சொல்லு."

வைரவன் ஒரு வாய் எடுத்துப் போட்டான். குழம்பு கரித்தது. அவருக்கு ஏதாவது தெரியட்டும் என்று கன்னியம்மா உப்பை அள்ளிப் போட்டிருக்க வேண்டும். விழுங்குவதற்குள் கண்ணில் நீர் முட்டியது.

எத்திராஜ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு ஜாஸ்திண்ணே. கரிக்குது."

எத்திராஜ் தலையைப் பின்னால் சாய்த்தார். உதடு லேசாகக் கோணியது.

"அப்டி வா."

கண்ணை மூடி, நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப என் நாக்குதான் இன்னும் வர்ல."

"வந்துக்கிட்டிருக்குண்ணே."

"எப்ப வந்து சேரும்?"

வைரவன் தட்டைப் பார்த்தான். கன்னியம்மா கைக்குள் உப்பை மூடிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றிருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்றான்.

"கொஞ்ச நாளு" என்றார் எத்திராஜ். அந்தச் சொல்லைக் கையில் வாங்கிப் பார்ப்பதுபோல் சொன்னார். "சரி. நீ துன்னு. வீணாப் போவுது பாரு."

அவன் அந்தச் சோற்றை முழுக்கத் தின்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தின் முனையிலேயே சாமியானா கட்டியிருந்தார்கள். மழைத் தண்ணீர் அதன் நடுவில் தொப்பைபோல் தேங்கித் தொங்கியது. யாரோ ஒரு கழியால் அதை மேலே தள்ளிவிட்டார்கள். கன்னியம்மா அவனைப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவளிடம் "எங்க வூட்டு டெய்லரு" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். டெய்லர் எதற்காக அங்கே வந்து நிற்கிறார் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

மறுநாள் வைரவன் வேலைக்குப் போனான். தேவகிருபை அறையில் இருந்தார். திரையில் வேறு யாருடைய ஸ்கேனோ திறந்திருந்தது. அவர் கறுப்பு அட்டையின் நாலு மூலைக்கும் புதிதாக டேப் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

"போயிட்டாரா?"

"முந்தாநேத்து மேடம்."

அவர் தலையசைத்தார். ஒரு மூலையை விரலால் அழுத்தினார்.

"ஊசியை நிறுத்திட்டா என்ன மிச்சம்னு கேட்டியே."

வைரவன் யோசித்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகு ஞாபகம் வந்தது. கவிழ்த்து வைத்த வாளி ஞாபகம் வந்தது.

"நாக்கு திரும்பிக்கிட்டிருந்தது மேடம்" என்றான். "பாதி வந்துருச்சு."

தேவகிருபை அட்டையைத் திரைமேல் வைத்து ஒட்டினார். பெயர் மறைந்தது. எலும்புகள் மறைந்தன. ஜன்னலுக்குள் சாம்பல் பட்டை மட்டும் மிஞ்சியது. நாற்காலியை அவனுக்காக நகர்த்திப் போட்டார்.

"ஆவணியிலயே நிறுத்தியிருந்தா முழுசா வந்திருக்கும்" என்றார்.